கால் மில்லிமீட்டருக்குள் ஒரு போராட்டம்: கார்டிங் இயந்திரம் எப்படி வேகம் பெற்றது?

1748-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லூயிஸ் பால், டேனியல் போர்ன் என்ற இருவர், பஞ்சையும் கம்பளியையும் வாரி இழைகளைப் பிரிக்கும் கார்டிங் இயந்திரங்களுக்குத் தனித்தனியே காப்புரிமை பெற்றார்கள். சுழலும் உருளை, அதன்மேல் கம்பிப் பற்கள், அவற்றுக்கு எதிரே இன்னொரு பல் பரப்பு. இந்த ஏற்பாட்டை இன்று கோவையில் ஒரு பஞ்சாலையின் கார்டிங் பகுதியில் வேலை பார்க்கும் மேஸ்திரியிடம் காகிதத்தில் வரைந்து காட்டினால், அது என்ன இயந்திரம் என்று அவர் உடனே சொல்லிவிடுவார். அடிப்படைத் தத்துவம் அப்படியே இருக்கிறது.

ஆனால் உற்பத்தி அப்படியே இல்லை. 1965 வாக்கில் ஒரு கார்டிங் இயந்திரம் மணிக்குச் சுமார் 5 கிலோ பஞ்சைக் கையாண்டது. இன்றைய இயந்திரங்கள் 200 கிலோவுக்கு மேல் போகக்கூடியவை. தத்துவத்தைத் தொடாமல் நாற்பது மடங்கு பெருக்கம் எங்கிருந்து வந்தது? மோட்டார் பெரிதானதால் என்று சொல்லிவிடலாம். அது விடை ஆகாது. உருளையை வேகமாகச் சுற்றுவது ஒருபோதும் கடினமாக இருந்ததில்லை. எதிரெதிரே நிற்கும் இரண்டு பல் பரப்புகளுக்கு நடுவே இருக்கும் கால் மில்லிமீட்டர் இடைவெளியை அந்த வேகத்தில் காப்பாற்றுவதும், பற்களைச் சுத்தமாக வைத்திருப்பதும்தான் கடினம். கார்டிங் இயந்திரத்தில் நடந்த முன்னேற்றங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் சுற்றியே நடந்திருக்கின்றன.

பல் செய்யும் வேலை

பேல் எனப்படும் பஞ்சுப் பொதியிலிருந்து எடுத்த பஞ்சு, ஆலையின் முதல் பகுதியான ப்ளோரூமில் உதறப்பட்டுச் சிறுசிறு கொத்துகளாகிறது. ப்ளோரூமின் எல்லை அவ்வளவுதான். கொத்தை இன்னும் சிறிய கொத்தாக்க அதனால் முடியும். இழை இழையாகப் பிரிக்க முடியாது. நடுத்தரப் பருத்தியில் ஒரு கிலோவில் 20 கோடிக்கும் மேற்பட்ட இழைகள் இருக்கும். அவை ஒவ்வொன்றையும் பக்கத்து இழையிடமிருந்து விடுவிக்கும் வேலை கார்டிங்குக்கு வருகிறது. இங்கே விடுபடாத கொத்து, நூலில் தடித்த இடமாகவோ முடிச்சாகவோ கடைசிவரை தொடரும். பின்னால் வரும் எந்த இயந்திரமும் அதை முழுமையாகச் சரிசெய்யாது. நன்றாகக் கார்டிங் ஆன பஞ்சு பாதி நூற்றதற்குச் சமம் என்று நூற்பாளர்கள் சொல்வது இதனால்தான்.

இயந்திரத்தின் பாதை நேரானது. பஞ்சு முதலில் லிக்கர்-இன் என்ற சிறிய, முரட்டுப் பற்கள் கொண்ட உருளையிடம் வருகிறது. அது கொத்தைப் பிய்த்துப் பெரிய சிலிண்டரிடம் கொடுக்கிறது. சிலிண்டரின் மேலே வளைவாக அமைந்த பிளாட் பட்டைகளில் எதிர்ப்பற்கள் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே இழைகள் பிரிகின்றன. குட்டை இழைகளும் தூசியும் பிளாட்டில் தங்குகின்றன. பிறகு டாஃபர் என்ற உருளை, சிலிண்டரிலிருந்து இழைகளை மெல்லிய படலமாகத் திரட்டி எடுக்கிறது. அந்தப் படலம் ஒடுங்கி, விரல் தடிமனுள்ள கயிறு போன்ற சிலிவராகிக் கேனில் சுருண்டு விழுகிறது.

எல்லாம் பல்லின் சாய்வைப் பொறுத்தது. எதிரெதிர்ப் பரப்புகளின் பல் முனைகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருந்தால் இரண்டும் பஞ்சைப் பற்றி இழுக்கும், கொத்து பிரியும். ஒரு பரப்பின் முனை அடுத்ததன் முதுகைப் பார்த்துச் சாய்ந்திருந்தால், முன்னது பின்னதிலிருந்து பஞ்சை அப்படியே வழித்துக்கொண்டு போய்விடும். சிலிண்டருக்கும் பிளாட்டுக்கும் நடுவே முதல் வகை வேலை நடக்கிறது. லிக்கர்-இன்னிலிருந்து சிலிண்டருக்குப் போகும் இடத்தில் இரண்டாம் வகை. இந்த இரண்டு செயல்களைத் தவிர இயந்திரத்துக்குள் மர்மம் எதுவும் இல்லை.

சாய்வு சிறிது பிசகினாலும் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1790-இல் ரோட் ஐலண்டின் பாடக்கெட்டில் சாமுவேல் ஸ்லேட்டர் தம் நூற்பு இயந்திரங்களைப் பொருத்தியபோது, கார்டிங் இயந்திரத்தில் பஞ்சு ஓடாமல் மேலே சுருண்டுகொண்டதாம். பல் பட்டைகளைச் செய்து கொடுத்தவர் மாசசூசெட்ஸின் லெஸ்டர் ஊரைச் சேர்ந்த பிளைனி ஏர்ல். தோல் மிருதுவாக இருந்ததால் கம்பிகள் பின்னோக்கிச் சாய்ந்துவிட்டன என்று கண்டுபிடித்து, சாணைக்கல் துண்டால் தட்டித் தட்டிச் சாய்வைத் திருத்தினார்களாம். அதன் பிறகு இயந்திரம் ஓடியது. நுணுக்கங்களில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் கார்டிங் அறிந்த எவருக்கும் இந்த நிகழ்ச்சி நம்பக்கூடியதாகவே இருக்கும்.

விட்டு விட்டு வந்த பஞ்சு

லூயிஸ் பாலின் உருளையில் பல் பட்டைகள் இடைவெளி விட்டுத் தனித்தனிக் கீற்றுகளாகப் பொருத்தப்பட்டிருந்தன. பஞ்சைத் துண்டு துண்டாகத்தான் வழித்தெடுக்க முடியும். துண்டுகளைக் கையால் இணைக்க ஓர் ஆள் வேண்டும். டேனியல் போர்னின் லெமின்ஸ்டர் ஆலை 1754-இல் தீக்கிரையானது. இந்த முதல் முயற்சிகள் பெரிய தொழிலாக வளரவில்லை.

1775-இல் ரிச்சர்டு ஆர்க்ரைட் பெற்ற காப்புரிமைதான் திருப்பம். டாஃபர் முழுவதையும் தொடர்ச்சியான பல் நாடாவால் சுற்றி, கிராங்க் ஒன்றால் மேலும் கீழும் ஆடும் சீப்பை அதன் எதிரே வைத்தார்கள். சீப்பு அடிக்க அடிக்கப் படலம் அறுபடாமல் இறங்கியது. அதைப் புனலுக்குள் செலுத்தி, உருளைகளால் இழுத்துக் கேனில் இட்டார்கள். இன்றைக்கும் சிலிவர் அப்படித்தான் உருவாகிறது.

அந்தச் சீப்பு யாருடையது என்பதில் சண்டை வந்தது. 1785-இல் லண்டனில் நடந்த வழக்கில், கிராங்கும் சீப்பும் தம் குடும்பத்தவரின் கண்டுபிடிப்பு என்று ஸ்பின்னிங் ஜென்னி புகழ் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸின் மனைவியும் மகனும் சாட்சி சொன்னார்கள். ஆர்க்ரைட்டின் காப்புரிமை ரத்தானது. இங்கிலாந்தின் பருத்தி ஆலைப் பகுதியான லங்காஷயர் முழுவதும் யார் வேண்டுமானாலும் இந்த இயந்திரத்தைச் செய்யலாம் என்ற நிலை வந்தது. தொழில் பரவியதில் இந்தத் தீர்ப்புக்கு இருக்கும் பங்கு, சீப்புக்கு இருக்கும் பங்கைவிடக் குறைந்ததல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

பற்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். தோலில் துளையிட்டு, கம்பியை வளைத்து, ஒவ்வொரு பல்லாகக் கையால் செருகினார்கள். பெண்களும் குழந்தைகளும் வீட்டில் இருந்தபடி செய்த வேலை அது. 1797-இல் அமெரிக்கரான ஏமஸ் விட்டிமோர் துளையிடல், வெட்டல், வளைத்தல், செருகல் அனைத்தையும் ஒரே இயந்திரம் செய்யும்படி அமைத்துக் காப்புரிமை பெற்றார். 1811 வாக்கில் ஜோசப் டயர் வழியாக அது மான்செஸ்டருக்கும் போனது. சீரான உயரம், சீரான சாய்வு கொண்ட பற்கள் கிடைக்காமல் இடைவெளியைக் குறைப்பதைப் பற்றிப் பேசவே முடியாது.

பிளாட்டுகளும் வளைவும்

சிலிண்டருக்கு மேலிருந்த பிளாட்டுகள் தொடக்கத்தில் நிலையாக இருந்தன. அவற்றில் குட்டை இழையும் தூசியும் நிறைந்ததும் ஒரு தொழிலாளி ஒவ்வொன்றாகத் தூக்கி, துடைத்து, மீண்டும் வைப்பார். வைக்கும்போதெல்லாம் இடைவெளி சற்று மாறும். 1834-இல் ஸ்காட்லாந்தின் டீன்ஸ்டன் ஆலையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மித், பிளாட்டுகளைச் சங்கிலியில் கோத்து மெதுவாக நகர்த்தும் யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். 1850-களில் அமெரிக்காவின் லோவெல் நகரில் ஜார்ஜ் வெல்மன் வேறு வழியில் போனார். பிளாட் இடத்திலேயே இருக்கும். இயந்திரக் கை அதைத் தூக்கித் துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கும். மனிதன் செய்ததை இயந்திரம் அப்படியே நடித்துக் காட்டும் இத்தகைய தீர்வுகள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நீண்ட நாள் நிற்பது அபூர்வம். அதே பத்தாண்டில் மான்செஸ்டரின் ஈவன் லீ சங்கிலி பிளாட்டைச் செம்மைப்படுத்தினார். 1880-களுக்குப் பிறகு பருத்தி ஆலைகளில் அதுவே வழக்கமாகிவிட்டது. பிளாட்டுகள் சுற்றிக்கொண்டே போகும்; வெளியே வரும்போது தூரிகையும் சீப்பும் அவற்றைச் சுத்தம் செய்யும்; சிலிண்டர் நிற்க வேண்டியதில்லை. சங்கிலியில் ஏறத்தாழ நூறு பிளாட்டுகள் இருந்தால், எந்த நேரத்திலும் அவற்றில் நாற்பது போல்தான் சிலிண்டருக்கு எதிரே வேலை செய்யும்.

புத்தகங்கள் அதிகம் பேசாத ஒரு பாகத்துக்குத்தான் என் மதிப்பெண். பிளாட்டுகள் சறுக்கிச் செல்லும் இருபக்க வளைவுத் தடம் அது. மில்களில் ‘பெண்ட்’ என்பார்கள். சிலிண்டரின் பற்களை அடிக்கடி சாணை பிடிக்க வேண்டியிருந்தது. பிடிக்கப் பிடிக்கப் பல் தேயும். சிலிண்டரின் ஆரம் குறையும். ஆரம் குறைந்தால் மேலே உள்ள வளைவும் அதற்கேற்பக் குறைய வேண்டும். இல்லையேல் நடுவில் ஓர் இடைவெளியும் ஓரத்தில் வேறோர் இடைவெளியும் வந்துவிடும். அதனால் வளைவையே சற்று நெகிழக்கூடியதாகச் செய்து, பல இடங்களில் திருகு வைத்து, கேஜ் தகட்டை நுழைத்துப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார்கள். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை ‘ஒரு தௌ’ என்று பஞ்சாலைகளில் சொல்வார்கள். பத்து தௌ என்றால் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். அதில் இரண்டு வெள்ளைத் தாளை ஒன்றாகச் செருகலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு வார்ப்பிரும்பை வைத்துக்கொண்டு, ஒரு மீட்டர் அகலத்துக்கு இந்த அளவைப் பிடித்து நிறுத்தியது லேசான காரியமல்ல.

அடைத்துக்கொள்ளும் பற்கள்

அந்தக் காலப் பல் நாடா, துணி அடுக்குகளில் நட்ட மெல்லிய கம்பிகளால் ஆனது. நடுவில் முழங்கால் போல ஒரு மடிப்புக் கொண்ட இந்தக் கம்பிகள் சுமார் 10 மில்லிமீட்டர் உயரம் இருக்கும், வளைந்து கொடுக்கும். வளைவதில் ஒரு நன்மை உண்டு. தடித்த கொத்து வந்தால் பல் விலகி வழிவிடும், முறியாது. தீமை, உயரமான கம்பிகளின் அடியில் குட்டை இழைகள் போய்ப் புதைந்துகொள்வது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை இயந்திரத்தை நிறுத்தி, தூரிகை உருளையால் அடைப்பை வழித்தெடுக்க வேண்டும். இதை ஸ்ட்ரிப்பிங் என்றார்கள். சுத்தம் செய்த உடனே சிலிவர் மெலிந்து வரும். பற்கள் மறுபடி நிறைந்த பிறகே எடை நிலைக்கு வரும். தரமும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

விலை இயந்திரத்தோடு முடியவில்லை. ஸ்ட்ரிப்பிங் செய்தவர்களும் சாணை பிடித்தவர்களும் ஆலையிலேயே அதிகம் தூசி உண்டவர்கள். பருத்தித் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் அவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டது. வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்தவுடன் மார்பு இறுகுவது அதன் அடையாளம். இதனால் லங்காஷயரில் அதைத் திங்கட்கிழமையோடு சேர்த்தே பேசினார்கள். 1940-களில் பிரிட்டன் இதை இழப்பீடு பெறத்தக்க தொழில் நோயாக ஏற்றது. 1950-களில் ரிச்சர்டு ஷில்லிங் லங்காஷயர் ஆலைகளில் செய்த ஆய்வுகள், நோயின் படிநிலைகளை வகுத்துக் காட்டின.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவிய உலோகப் பல் கம்பிதான் இந்தத் தொழிலின் மிகப் பெரிய மாற்றம் என்பேன். ஆர்க்ரைட்டின் சீப்பைவிடவும் பெரியது. ரம்பம் போன்ற பற்கள் வெட்டிய எஃகுக் கம்பியை, நல்ல இழுவிசையில், வெறும் சிலிண்டரின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். பல்லின் உயரம் சில மில்லிமீட்டர்தான். அடியில் இழை போய்ப் புதைய இடமே இல்லை. ஸ்ட்ரிப்பிங் ஏறக்குறைய மறைந்தது. சாணை பிடிக்கும் இடைவேளை நீண்டது. இயந்திரம் நாள் கணக்கில் நிற்காமல் ஓடலாம் என்றானது. பல் விறைப்பானதால் வேகம் கூடினாலும் சாயாது. பல் சாயாததால் இடைவெளியும் மாறாது.

விறைப்பான பல் மன்னிக்காது என்பதும் உண்மை. ப்ளோரூமிலிருந்து தப்பி வரும் ஓர் இரும்புத் துண்டு, நெகிழும் கம்பிகளை வளைத்துவிட்டுப் போயிருக்கும். உலோகப் பல்லை அது நசுக்கிவிடும். கம்பி முழுவதையும் பிரித்து மீண்டும் சுற்ற வேண்டி வரலாம். ப்ளோரூமில் காந்தங்களும் உலோகம் கண்டறியும் கருவிகளும் கட்டாயமானதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓர் இழைக்கு எத்தனை பல்?

இனி கொஞ்சம் கணக்கு. பழைய இயந்திரத்தின் சிலிண்டர் 1.29 மீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 4 சதுர மீட்டர். சதுர அங்குலத்துக்கு 500 பல் என்றால் மொத்தம் 31 லட்சம் பற்கள். நிமிடத்துக்கு 170 சுற்று ஓடினால், ஒரு நிமிடத்தில் 53 கோடி பல் முனைகள் பிளாட்டுகளைக் கடக்கும். மணிக்கு 5 கிலோ என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.9 கோடி இழைகள் உள்ளே வரும். ஓர் இழைக்கு 28 பல்.

அதே இயந்திரத்தில் மணிக்கு 60 கிலோவைத் திணித்தால்? ஓர் இழைக்கு இரண்டு பல்லுக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். கொத்துகள் பிரியாமலே வெளியே வந்துவிடும். இப்போது சதுர அங்குலத்துக்கு 860 பல் உள்ள உலோகக் கம்பியைச் சுற்றி, நிமிடத்துக்கு 450 சுற்று ஓட்டினால், நிமிடத்துக்கு 243 கோடி பல் முனைகள் கிடைக்கும். 60 கிலோ ஓடும்போதும் ஓர் இழைக்குப் பத்துப் பல்லுக்கு மேல் வரும். இது தோராயக் கணக்குதான். பல் எல்லாம் இழையைப் பிடிப்பதும் இல்லை. பல் எண்ணிக்கை ஒன்றே தரத்தைத் தீர்மானிப்பதும் இல்லை. ஆனால் உற்பத்தியைக் கூட்ட நினைப்பவர் எந்தக் கைப்பிடிகளைத் திருப்ப வேண்டும் என்பது இதில் தெரிந்துவிடுகிறது: பல்லை நெருக்கமாக்கு, சிலிண்டரை வேகமாக்கு, அகலத்தைக் கூட்டு, அல்லது இன்னொரு சிலிண்டரைச் சேர்.

கடைசி வழியையும் முயன்று பார்த்தார்கள். 1960-களில் இரண்டு கார்டிங் இயந்திரங்களை முன்னும் பின்னும் இணைத்த டேண்டம் அமைப்புகள் விற்பனைக்கு வந்தன. தரம் நன்றாக இருந்தது. இடமும் பராமரிப்பும் இரட்டிப்பாயின. அது பொது வழக்கமாகவில்லை. அகலத்தைக் கூட்டும் வழியைச் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனம் எடுத்தது. அதன் சி 60 இயந்திரத்தில் அகலம் 1.5 மீட்டர், சிலிண்டர் விட்டமோ 814 மில்லிமீட்டராகக் குறைந்தது. அகலத்தைக் கூட்டிவிட்டு விட்டத்தை ஏன் குறைக்க வேண்டும்? அகலமான உருளை நடுவில் தொய்யும். சிறிய உருளை இலகுவாகவும் விறைப்பாகவும் இருக்கும். கூடவே ஓர் ஆதாயமும் உண்டு. பெரிய சிலிண்டர் 450 சுற்றில் ஓடும்போது அதன் மேற்பரப்பு விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போகும். அங்கே மையவிலக்கு விசை ஈர்ப்பு விசையைப்போல் சுமார் 140 மடங்கு. அதே மேற்பரப்பு வேகத்தைச் சிறிய சிலிண்டரில் வைத்தால் அது 225 மடங்காகும். தூசியும் விதை ஓட்டுத் துணுக்குகளும் இன்னும் வலுவாக வெளியே வீசப்படும்.

சூடு ஏறினால் சுருங்கும் இடைவெளி

வேகம் கூடினால் உராய்வும் கூடும், இயந்திரம் சூடாகும். எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். 645 மில்லிமீட்டர் ஆரமுள்ள சிலிண்டர் 15 டிகிரி சூடேறினால் ஆரம் 0.116 மில்லிமீட்டர் வளர்ந்துவிடும். கால் மில்லிமீட்டர் இடைவெளியில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. மையவிலக்கு விசையால் உருளை விரிவது இதற்கு மேல் நூறில் சில மில்லிமீட்டர் சேர்க்கும். பக்கச் சட்டங்களும் பிளாட்டுகளும் ஓரளவு சூடாகி விரிவதால் இழப்பு முழுமையாக இராது. ஆனால் அவை ஒரே வேகத்தில் சூடாவதில்லை.

கேஜ் தகடு வைத்து இடைவெளி பார்ப்பது இயந்திரம் நின்று குளிர்ந்திருக்கும்போது. ஓடும்போது உண்மையான இடைவெளி வேறு. பல்லோடு பல் உரசிவிட்டால் இலட்சக்கணக்கில் நஷ்டம் என்பதால், அனுபவமுள்ளவர்கள் ஒன்றிரண்டு தௌ கூடுதலாகவே விட்டுவைப்பார்கள். அந்தப் பாதுகாப்புக்கு விலை உண்டு. இடைவெளி பெரிதாக இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சில முடிச்சுகள் பிரியாமல் தப்பிச் செல்லும். கோடை மதியத்துக்கும் அதிகாலைக்கும் ஒரே செட்டிங் சரிவராது என்று பழைய மேஸ்திரிகள் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது.

ஜெர்மனியின் ட்ரூட்ஸ்லர் நிறுவனம் 2019-இல் அறிமுகப்படுத்திய டிசி 19ஐ இயந்திரம் நேராக இந்தப் பிரச்சினையைத்தான் குறிவைத்தது. ஓடும்போதே பிளாட்டுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளியைக் கணித்து, மோட்டார்களால் தானே திருத்திக்கொள்கிறது. மில் தொடங்கியதும், சூடேறியதும், உற்பத்தி வேகம் மாறியதும் இடைவெளி பின்தொடர்ந்து சரியாகும். ஈவன் லீ காலத்துத் திருகையும் தகட்டையும் கணினி கைப்பற்றியிருக்கிறது என்று சொல்லலாம். சாணை பிடிப்பதிலும் இதே போக்குதான். ரீட்டரின் இயந்திரங்களில் சாணைக்கல் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அது ஓட்டத்தின் நடுவே அவ்வப்போது சிலிண்டரை லேசாகத் தீட்டிவிடும். மாதக்கணக்கில் மழுங்கவிட்டு ஒரே நாளில் பலமாகத் தேய்ப்பதைவிட இது பல்லின் ஆயுளுக்கு நல்லது.

ஊட்டுவதும் எடுப்பதும்

ஊட்டும் பக்கத்து மாற்றங்களைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முன்பு ப்ளோரூமிலிருந்து பஞ்சு பாய்போல் சுருட்டிய லேப்பாக வரும். ஆள் சுமந்து வந்து மாற்ற வேண்டும். பழைய லேப்பும் புதிய லேப்பும் சேருமிடத்தில் எடை தாறுமாறாக இருக்கும். குழாய் வழியே காற்றில் பஞ்சை அனுப்பும் சூட் ஃபீட் முறை அதை ஒழித்தது. அதோடு வந்த ஆட்டோலெவலர், உள்ளே போகும் பஞ்சின் தடிமனையும் வெளியே வரும் சிலிவரின் தடிமனையும் அளந்து, ஊட்டும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. லிக்கர்-இன் ஒன்றாக இருந்த இடத்தில் சில தயாரிப்பாளர்கள் மூன்று வைத்தார்கள். முதலாவது மெதுவாகவும், அடுத்தவை படிப்படியாக வேகமாகவும் ஓடும். ஒரே அடியில் பிய்த்தால் நீண்ட இழைகள் அறுந்துவிடும் என்பதால் இந்த நிதானம். எடுக்கும் பக்கத்தில் ஆர்க்ரைட் காலத்துச் சீப்பு, மேலும் கீழும் ஆடி ஆடி வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் விலகியது. இப்போது உருளைகளே படலத்தை உரித்தெடுக்கின்றன.

டாஃபரிடம் சற்று நிற்க வேண்டும். அது சிலிண்டரில் உள்ள எல்லா இழைகளையும் ஒரே சுற்றில் எடுத்துக்கொள்வதில்லை. எதிரே வருவதில் ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்றுதான் மாறும். மற்றவை சிலிண்டரோடு திரும்பவும் பிளாட்டுகளின் கீழே போய் வரும். ஓர் இழை சராசரியாக மூன்று முதல் ஐந்து சுற்று அடித்த பிறகே விடைபெறுகிறது. முதல் பார்வைக்கு இது இயந்திரத்தின் கோளாறு போலத் தெரியும். உண்மையில் கார்டிங் தரம் இந்தத் தாமதத்தில்தான் பிறக்கிறது. இழைகள் பலமுறை வாரப்படுகின்றன. வெவ்வேறு நேரத்தில் நுழைந்தவை ஒன்றோடொன்று கலக்கின்றன. டாஃபரை இன்னும் திறமையாக்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால், நல்ல நூற்பாளர் யோசித்துத்தான் ஒப்புக்கொள்வார்.

டாஃபர் தரும் இன்னொரு விளைவு விநோதமானது. வேகமான சிலிண்டரிலிருந்து மெதுவான டாஃபருக்கு மாறும்போது இழையின் பின்முனை மடங்கிக் கொக்கியாகிறது. மான்செஸ்டரில் மோர்ட்டனும் யென்னும் 1952-இல் வெளியிட்ட ஆய்வில், சாயமேற்றிய இழைகளைச் சிலிவரில் விட்டு அவற்றின் வடிவைத் தொடர்ந்து பார்த்தார்கள். நேரான இழைகள் சிறுபான்மை, பெரும்பான்மை கொக்கிகள், அவற்றிலும் பின்கொக்கியே அதிகம். சிலிவர் ஒவ்வொரு இயந்திரத்திலும் கேனுக்குள் போய் மீண்டும் வெளிவரும்போது திசை புரள்வதால், முன்கொக்கி பின்கொக்கியாக மாறும். கார்டிங்குக்கும், குட்டை இழைகளை வாரி நீக்கும் கோம்பருக்கும் நடுவே இரட்டைப்படை எண்ணிக்கையிலும், கார்டிங்குக்கும் நூலை முறுக்கும் ரிங் ஃபிரேமுக்கும் நடுவே ஒற்றைப்படை எண்ணிக்கையிலும் இயந்திரங்கள் வைப்பது என்ற ஆலை வழக்கத்துக்கு இதுவே அடிப்படை.

மணிக்கு எத்தனை கிலோ?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. 1962-இல் ரீட்டரின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு தொடங்கப்பட்ட கோவையின் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் (இன்று எல்எம்டபிள்யூ) கார்டிங் இயந்திரங்களைச் செய்கிறது. பல் கம்பியும் கோவையிலேயே தயாராகிறது. 1956-இல் தொடங்கிய சிட்ரா என்ற ஜவுளி ஆய்வு நிறுவனம் ஆலைகளின் செட்டிங், கழிவு, நூல் தரம் ஆகியவற்றை அளந்து வருகிறது. வாங்கக்கூடிய இயந்திரத்தின் உச்ச வேகம் என்ன என்பதைவிட, எந்த வேகத்தில் ஓட்டுவது என்பதுதான் ஆலை நிர்வாகிக்குத் தினசரிப் பிரச்சினை.

விளம்பரத்தாளில் 200 கிலோ என்றிருக்கும் இயந்திரத்தை அந்த வேகத்தில் ஓட்டலாம். தடித்த நூலுக்கும், ரோட்டார் நூற்புக்கும், செயற்கை இழைக்கும் அது பொருந்தலாம். கோம்பரில் வாரிய மெல்லிய நூல் செய்யும் ஆலை அதே இயந்திரத்தைப் பாதிக்கும் குறைவான வேகத்தில் ஓட்டுவது சாதாரணம். ஜின்னிங்கிலும் ப்ளோரூமிலும் பெருகி வரும் நெப் என்ற சிறு முடிச்சுகளை முதன்முதலாகக் குறைக்கும் இயந்திரம் கார்டிங்தான். மணிக்கு ஓடும் கிலோ கூடக் கூட, அது குறைக்கும் அளவும் குறைந்துகொண்டே வருகிறது. வேகத்துக்கு ஈடாகச் சிலிண்டரையும் லிக்கர்-இன்னையும் விரட்டினால், நெப் குறையும். ஆனால் நீண்ட இழைகள் அறுபட்டுக் குட்டை இழைகள் பெருகும். ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவுகிறது.

நெப் நூலில் இருக்கும்போது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. முதிராத இழைகள் சுருண்டு உண்டான நெப் சாயத்தைச் சரியாகப் பிடிக்காது. திருப்பூரில் அடர்நீலமோ கறுப்போ ஏற்றிய பனியன் துணியில் அது வெளிறிய புள்ளியாக எழுந்து நிற்கும். அதைப் பார்த்து வாங்குபவர் துணியைத் திருப்பி அனுப்பினால், புகார் முதலில் சாயப்பட்டறைக்குப் போகும். அங்கிருந்து நிட்டிங் கூடத்துக்கு. பிறகு நூல் விற்ற ஆலைக்கு. கடைசியில் யாரோ ஒருவர் கார்டிங் பகுதியின் பதிவேட்டை எடுத்து, அந்த வாரம் எந்த இயந்திரம் மணிக்கு எத்தனை கிலோ ஓடியது, பிளாட்டுக்கு எத்தனை தௌ வைத்திருந்தார்கள், கடைசியாகச் சாணை பிடித்தது எப்போது என்று பார்க்கத் தொடங்குவார்.